சூதாட்டத்துக்காகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும். பதினோரு வருடமாக இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கோயில் விழாவில் குடும்பத்தைத் தாங்குவது மாமியாரே என்று பேசினேன். அடுத்த வாரமே சத்தியமங்கலத்தில் மருமகளே என்று பேசினேன். இரண்டு ஊரிலும் பொன்னாடை போட்டார்கள். இரண்டையும் கேட்ட என் மாமியார், "நரம்பில்லாத நாக்கு எப்பிடி வேணாலும் பெரளுமாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

வாரத்தில் ஐந்து நாள் கோயம்புத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்த ஊருக்குப் பேசப் போகிறேன். எந்த அணியில் பேசுவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. நடுவர்தான் பிரித்துக் கொடுப்பார். எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் கொடுங்கள் என்று கேட்பது கற்றுக்குட்டி வேலை. கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். எங்கள் நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இந்த விஷயத்தில் அவரிடம் மறுபேச்சே கிடையாது.

அவர் அழைத்தபோது நான் மாதிரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, பொள்ளாச்சியில வியாபாரிங்க சங்கத்து ஆண்டு விழாங்க. வர்ற ஞாயிறு இல்லீங்க, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு. தலைப்பு கொஞ்சம் சூடான தலைப்பு."

"சொல்லுங்கய்யா."

"இணையத்துல ஆடுற சூதாட்டத்த உரிமம் குடுத்து அரசாங்கமே எடுத்து நடத்தலாமா, கூடாதா?"

"கூடாதுங்கற அணிதானுங்களே நமக்கு?"

"கூடாதுன்னு பேச ஆறு பேரு க்யூவுல நிக்கறாங்க. நடத்தலாம்னு பேசத்தான் ஒருத்தருக்கும் தைரியமில்ல. நீங்கதான் அந்த அணிக்குத் தலைமை."

சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். கையிலிருந்த சிவப்பு மைப் பேனா ஒரு பையனின் விடைத்தாளில் கோடு கோடாக இழுத்திருந்தது.

என் கணவர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். குடி கிடையாது, புகை கிடையாது. சொந்தத்தில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தை நான்கு வருடம் ஃபோனில் இருந்த ரம்மி தின்றது. எவ்வளவு போனது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. வணிகவியல் டீச்சர் வீட்டுக் கணக்கு வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும். பணத்தைவிட என் காதுதான் அதிகம் கெட்டது. அவர் குளியலறைக்குப் போனால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சத்தம் நின்று நெடுநேரம் ஆள் வெளியே வரவில்லை என்றால் உள்ளே ஆட்டம் நடக்கிறது. அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தாலும் என் காது அந்தக் கதவில்தான் இருக்கும். இரண்டு முறை மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இரண்டும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

பிறகு நாடு முழுக்கத் தடை வந்தது. ஒரு நாள் காலை அவரே ஃபோனை என்னிடம் நீட்டினார். பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் நிறுத்தப்படுகின்றன, உங்கள் மீதித் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆப்பில் அறிவிப்பு வந்திருந்தது. "முடிஞ்சுது அம்மணி" என்றார். முகத்தில் வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன். வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தார். அன்று சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அரசாங்கத்துக்காக என் வாழ்க்கையில் நான் உடைத்த ஒரே தேங்காய் அதுதான்.

நானும் என் மாமியாரும் கும்பிட்ட சாமிகளால் முடியாததை ஒரு சட்டம் செய்தது. எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு அரசாங்கமே கடை விரிக்கட்டும் என்று நான் மேடை ஏறிப் பேச வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுவர் காரணம் கேட்பார். யாருக்கும் தெரியாமல் மூடி வைத்ததைத் திறக்க வேண்டி வரும். இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைப்பானேன். தலைமை என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. பதினோரு வருடம் மூன்றாவது பேச்சாளராக, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசியவளுக்கு அந்தச் சொல் இனித்தது.

என் பேச்சை எப்போதும் முதலில் கேட்பவர் என் கணவர்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பார். பன்னிரண்டு நிமிடம் ஆனால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். எந்த இடத்தில் கைதட்டுவார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்று சொல்வார். தப்பியதே இல்லை. இந்தத் தலைப்பை மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, துணி காயப்போடும் சாக்கில் மூன்று நாள் மொட்டை மாடியில் முணுமுணுத்தேன். நான்காம் நாள் அவரே படியேறி வந்து நின்றார்.

"ஏன் அம்மணி, இந்தத் தடவ என்னயக் கழட்டி உட்டுட்டயா?"

தலைப்பைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். சிரித்தார்.

"நல்ல தலைப்புத்தான். என்ற பொண்டாட்டிக்குன்னே பாத்துக் குடுத்திருக்காரு."

"வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?"

"எதுக்கு? நாந்தான் உட்டுப்போட்டனே. நீ பேசு, நான் கேக்கறேன்."

அவர் அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொடியில் பாதி துணி தொங்க, பன்னிரண்டு நிமிடமும் பேசிக் காட்டினேன். கேரளா எல்லையில் அரசே லாட்டரி விற்கிறது, நம் ஆட்கள் பஸ் ஏறிப் போய் வாங்குகிறார்கள் என்றேன். மதுவை அரசே விற்கும்போது இதை ஏன் விற்கக் கூடாது என்றேன். உரிமம் கொடுத்தால் வயதுச் சான்று கேட்கலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம், வரி வாங்கலாம் என்றேன்.

"லாட்டரி எடத்துல சிரிப்பாங்க" என்றார். "மத்ததெல்லாம் பேப்பர்ல படிச்சதாட்ட இருக்குது. ஒருத்தனும் கைதட்ட மாட்டான்."

"அப்ப என்ன சொல்லோணும்?"

"தடை போட்டும் நிக்கலைன்னு சொல்லோணும். எப்பிடி நிக்கலைன்னு உள்ளார போயிச் சொல்லோணும்."

"எப்பிடிங்க நிக்கல? இப்ப எப்பிடி ஆடறாங்க?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இத்துடன் விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அடுத்த நாள் காலை டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதும் கேட்டேன். கம்பெனியில் யாராவது பையன்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள், எனக்கு ஒரு நல்ல பாயிண்ட் வேண்டும் என்று நச்சரித்தேன். நல்ல பாயிண்ட் கிடைக்காத பேச்சாளருக்குத் தூக்கம் வராது. அந்த வாரம் எனக்கு இருந்த பயத்தில் முக்கால்வாசி மேடையைப் பற்றிய பயம்.

இரண்டு நாள் கழித்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒரேயடியாக இல்லை. சாப்பிடும்போது ஒன்று, வண்டி துடைக்கும்போது ஒன்று. நம் நாட்டில் மூடியதும் வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள், ஃபோனில் இருக்கும் குழு ஒன்றில் லிங்க் வரும் என்றார். பணம் கட்டும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பேருக்குப் போகும், ஒரு நாள் ஜவுளிக்கடைப் பெயர், ஒரு நாள் முன்பின் தெரியாத ஆள் பெயர். ஜெயித்த பணத்தைக் கேட்டால் மூன்று நாள் பரிசீலனையில் இருக்கிறது என்று நிற்கும், நான்காம் நாள் அந்த இணையப் பக்கமே இருக்காது. வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். "போன வாரம் பச்சையா இருந்துச்சு, இந்த வாரம் நீலம்" என்றார்.

காய்ச்சல் விட்டவர் காய்ச்சல் அடித்த கதையைச் சொல்வதுபோல அவர் சொன்னார். நான் ரேஷன் கார்டு பையில் கிடந்த பழைய டைரியில் எழுதிக்கொண்டே வந்தேன். கம்பெனியில் யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. பச்சை, நீலம் என்பதன் கீழே கோடு போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என்னுடைய சொந்த பாயிண்ட் ஒன்றும் இருந்தது. உரிமம் பெற்ற ஆட்டம் என்றால் அதற்குப் பூட்டு இருக்க வேண்டும், அந்தப் பூட்டின் சாவி வீட்டில் இருப்பவர்களிடம் இருக்க வேண்டும் என்பது. மனைவியோ தாயோ எழுதிக் கொடுத்தால் அந்த ஆளின் கணக்கை அரசு மூடிவிட வேண்டும். திருட்டு லிங்க்கை யாரிடம் போய் மூடச் சொல்வது? அரசாங்கம் நடத்தினால் ஒரு ஆபீஸ் இருக்கும், அந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம் அல்லவா? இதைப் பேசிப் பார்க்கும்போது என் குரல் மாறியது. கொடுத்த அணிக்காகப் பேச ஆரம்பித்து, அந்தச் சாவி நிஜமாகவே வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். சொந்தக் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவள் நான். அது பின்னாலேயே வந்து வண்டியில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியிலேயே பொள்ளாச்சி போனோம். கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். தேங்காய், கொப்பரை, வெல்ல மண்டிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மேடையில் ஏழு நாற்காலிகள், நடுவில் நடுவர். என் கணவர் மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தார். நான் கைதட்டலைத் தேடும்போது என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் அவர் எப்போதும் உட்காருவார்.

பேச்சு நன்றாகவே போனது. "கோபாலபுரம் எல்லைக்குப் போற பஸ்ஸுல ஞாயித்துக்கிழமை எடம் கெடைக்கறதில்லைங்களே, அத்தன பேரும் பாலக்காட்டுக் கோயிலுக்கா போறாங்க?" என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட இரண்டு பேரை நானே பார்த்தேன். பிறகு தடைக்குப் பின்னால் நடப்பதைச் சொன்னேன். ஜவுளிக்கடைப் பெயர், மூன்று நாள் பரிசீலனை, எல்லாம் சொன்னேன். "போன வாரம் பச்சையா இருந்த பக்கம் இந்த வாரம் நீலமா நிக்குதுங்க. திருடன் சட்டைய மாத்திட்டு வாரான், நாம கதவைச் சாத்திட்டோம்னு தூங்கறோம்" என்றேன். கைதட்டல் பெரிதாக எழுந்தது. அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன அளவுக்கு. கடைசியில் சாவியைக் கேட்டபோது முன்வரிசைப் பெண்கள் தட்டவில்லை, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதி எனக்குக் கைதட்டலைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்து எதிரணித் தலைவர் எழுந்தார். பொள்ளாச்சி நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர். பட்டிமன்றத்தில் எதிரணியின் வீட்டு ஆளை இழுத்துக் கிண்டல் செய்வது வழக்கம்தான். நானும் எத்தனையோ பேரின் மனைவிமாரை இழுத்திருக்கிறேன். யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

"அம்மணி அருமையாப் பேசுனாங்க" என்று ஆரம்பித்தார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க. பேப்பர் நானும் படிக்கறேன். தடை போட்டது வந்துச்சு, ஏமாந்தவங்க கதை வந்துச்சு. போன வாரம் பச்சை, இந்த வாரம் நீலம்னு எந்தப் பேப்பர்லயுங்க வந்துச்சு? உள்ளார போயிப் பாத்தாத்தான தெரியும்? அம்மணி பாத்தாங்களா, இல்ல அவங்க ஊட்டுக்காரரு பாத்துச் சொன்னாருங்களா?"

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. நடுவர் சிரித்தார். என் அணிக்காரர்களும் சிரித்தார்கள். நான் பழக்க தோஷத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வக்கீல் கேட்ட கேள்வியை ஒரு வாரமாக நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. வீட்டில் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவளுக்கு, எதிரில் உட்கார்ந்து பச்சை நீலம் என்று சொன்னது எப்படிக் காதில் ஏறாமல் போனது? பாயிண்ட் நன்றாக இருந்தது. அதுதான் காரணம்.

"பதில் சொல்லுங்க அம்மணி, ஒரு நிமிசம் தாரேன்" என்று நடுவர் ஒலிபெருக்கியை என் பக்கம் நகர்த்தினார்.

பதில் சொல்லாமல் விட்டால் ஊர் நிஜம் என்று எடுத்துக்கொள்ளும். எழுந்து, "நான் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறவளுங்க. பிளஸ் ஒன் படிக்கற பசங்க சொன்னது" என்றேன். சிரிப்பு நின்றது. "அட பாவமே" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது கேட்டது. என் கணவரைக் காப்பாற்ற என் வகுப்புப் பிள்ளைகள் மேல் பழி போட்டேன். மறுநாள் அந்த வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நடுவர் கூடாது என்றே தீர்ப்புச் சொன்னார். சூதாட்டம் வேண்டும் என்று எந்த நடுவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மேடை அது, வேண்டுதல் பலித்தது. ஆனால் சிறந்த பேச்சு என்று எனக்குத்தான் பொன்னாடை போட்டார்கள், ஒரு தென்னங்கன்றும் கொடுத்தார்கள்.

கன்றையும் பொன்னாடையையும் மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கிணத்துக்கடவில் என் கணவர் சாலையோரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். மதிய வெயிலில் வேறு ஆள் இல்லை. இரண்டு டீ வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"பச்சையும் நீலமும் உங்களுக்கெப்பிடித் தெரியுமுங்க?" என்று கேட்டேன்.

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப் பாலாடை படிந்த பிறகும் ஆற்றினார்.

"நீ கேட்டயே" என்றார்.

"நான் கேட்டேன். உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"தடை வந்ததுல இருந்து நான் தொடவே இல்ல அம்மணி. நெசமாலுமே தொடல. நீ பாயிண்டு வேணும் பாயிண்டு வேணும்னு கேட்டே. பழைய குரூப்புல லிங்க் வந்து கெடந்துச்சு. பாத்துச் சொல்லிப்போடலாம்னு உள்ள போனேன்."

"பாத்துட்டு வெளிய வந்திருக்கலாமில்லீங்க?"

"வரலையே" என்றார்.

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே பேசினார். "நீ மேடையில பேசறப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? கவர்மெண்டே நடத்துனா எவ்வளவு நல்லாருக்கும்னு நெனச்சேன். திருட்டுத்தனம் வேண்டியதில்ல. நீ பாக்க, உனக்குத் தெரிஞ்சே, ஊட்டுல உக்காந்து ஆடலாம். உனக்குப் பயந்துட்டே ஆடறதுதான் அம்மணி கஷ்டமா இருக்குது."

ஒரே பேச்சு. அதில் நான் கேட்டது அவரைப் பூட்டி வைக்க ஒரு சாவி. அவருக்குக் கேட்டது கதவு திறக்கும் சத்தம். மண்டபத்தில் இருந்த மற்றவர்களுக்கு என்ன கேட்டதோ. அதில் எத்தனை பேர் என் கணவரைப் போல மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டார்களோ. அந்த நினைப்பு வந்ததும் மடியில் இருந்த பொன்னாடையைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

நான் கேட்டதால்தான் உள்ளே போனேன் என்று அவர் சொன்னது உண்மையா, சாக்கா? ஆடுகிறவர்களுக்குச் சாக்குச் சொல்லத் தெரியும். நான்கு வருடம் கேட்டுத் தேர்ந்தவள் நான். நண்பனுக்கு அவசரம், வங்கியில் கோளாறு, சம்பளம் தாமதம் என்று எத்தனையோ சொல்லியிருக்கிறார், ஒவ்வொன்றையும் உடைத்திருக்கிறேன். இதை உடைக்க முடியவில்லை. கேட்டது நான்தான். டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கண் முன்னாலேயே அந்தக் குழுவிலிருந்து வெளியேறினார். லிங்க்குகளை அழித்தார். வேலை விட்டு வந்தால் ஃபோனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவதாகச் சொன்னார். சொன்னபடி வைத்தார். சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஒரு தடவை ஃபிரிட்ஜ் மேலே பார்ப்பார். அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அழைத்தால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிரித்துப் பேசுவோம்.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடுவர் அழைத்தார். கோபியில் ஒரு விழா, அடுத்த மாதம், அதே தலைப்பு, அதே அணிகள். பொள்ளாச்சியில் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள், கோபிக்காரர்கள் என்னைத்தான் கேட்கிறார்களாம். கேட்கும்போது ஒரு நொடி சந்தோஷம் வந்தது. வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

"யாரு, நடுவரா?" என்றார்.

"ஆமாங்க. கோபிக்கு வரச் சொல்றாரு. அதே தலைப்பு."

சட்னியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்னு சொல்லிரு அம்மணி."

"நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டனுங்க. பழசையே பேசிட்டு வந்தர்றேன்."

"நீ கேக்காட்டியும் நான் பாப்பேன்" என்றார். "பாத்துப்போட்டு, உனக்காகத்தான் பாத்தேன்னு சொல்லுவேன்."

நான் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து நடுவரைத் திரும்ப அழைத்தேன். வர முடியாது என்றேன்.

"ஏனுங்க அம்மணி? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை என்றால் மிளகும் பனங்கற்கண்டும் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எதிரில் என் கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. எங்க ஊட்டுக்காரரு அந்த ஆட்டம் ஆடறவருங்க. என்னால அந்தப் பக்கம் பேச முடியாதுங்க" என்றேன்.

என் கணவர் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். காய்ந்த கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.